பொதுப் பள்ளிக்கு யார் நடந்து போவது?



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவாகக் கூடியிருக்கிறோம். அவர் பிறந்த கோழியாளம் மதுராந்தகத்துப் பக்கம். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. நம் ஊர்க்காரர் ஒருவரை நினைத்துக்கொண்டு, நம் ஊர்ப் பள்ளிகளைப் பற்றிப் பேசலாம்.

‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் அவர் தம் கோயம்புத்தூர்ப் படிப்பைப் பற்றிச் சொல்கிறார். பள்ளியில் ஏறக்குறைய நானூறு பிள்ளைகள். பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். தன் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிட்டால் இழிவு வரும் என்று அஞ்சி, அவர் யாரோடும் சேரவில்லை. மணி அடிக்கும் வரை வெளியே எங்காவது உட்கார்ந்து வாசித்துவிட்டு, அடித்த பிறகே வகுப்புக்குள் போவார்.

இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கதை. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சந்தித்த ஒரு மாணவி, காலனி நிறுத்தத்தில் பேருந்திலிருந்து இறங்கமாட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, தோழிகள் போன பிறகு திரும்பி நடந்து வருவாள். அவள் பெயரும் வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம். பள்ளிக் கதவு இருவருக்கும் திறந்துதான் இருந்தது. ஆனால் இருவரும் தங்கள் முகவரியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது.

நமக்கென்று தனிப் பள்ளிகள் ஏன் வந்தன என்பதற்கு இதுவே பதில். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதார் பிடியில் இருந்ததை அது வெளியே கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து 1892இல் நிலத்துக்கான ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் போராடுகிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது. 1893இல் பஞ்சமர் கல்விக்கான ஆணை வந்தது. நிலமும் பள்ளியும் அடுத்தடுத்து வந்தது தற்செயல் இல்லை. மனை சொந்தமில்லாதவன் பிள்ளையைப் படிக்க அனுப்பினால், மறுநாளே குடிசையைக் காலி செய்யச் சொல்ல முடியும்.

ஊர்ப் பள்ளிகள் அக்ரகாரத்திலும் கோயில் தெருவிலும் இருந்தன. அந்தத் தெருவில் நடக்கவே உரிமையில்லாத பிள்ளைக்குப் பள்ளியில் இடம் உண்டு என்று சொல்லி என்ன பயன்? ஆகவே 1920க்குப் பின் லேபர் கமிஷனரின் பொறுப்பில் சேரிகளில் பள்ளிகள் திறந்தார்கள். அந்த மரபுதான் ஹரிஜன நலத்துறை வழியாக இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறைக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டில் அத்துறையின் பள்ளிகள் 1,100க்கு மேல் இருக்கின்றன.

2023 மார்ச் 20 அன்று வெளியான நிதிநிலை அறிக்கை, பல துறைகள் நடத்தும் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையின் கீழ் கொண்டுவருவதாக அறிவித்தது. அதே ஆண்டு நாங்குநேரியில் உடன் படித்தவர்களே ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் இணைப்பையும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்குவதையும் பரிந்துரைத்தது. 2025இல் நலத்துறை விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் வந்தது.

இதில் நமக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. காலனிப் பள்ளி என்ற முத்திரை போகட்டும், ஆசிரியர் பற்றாக்குறை தீரட்டும் என்கிறார்கள் சிலர். போராடிப் பெற்ற தனி ஏற்பாட்டை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. நாங்கள் வேறொரு கேள்வியை வைக்கிறோம்: இணைத்தால், யார் யாரிடம் நடந்து போவது?

ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் எந்தச் சாதிப் பிள்ளையும் சேரலாம். ஆனால் ஊர்ப் பிள்ளை அங்கே வருவது அரிது. பொது என்ற பெயரில் நடப்பதெல்லாம் ஒரே திசையில் நடக்கிறது. நம் பிள்ளைதான் ஊருக்குள் போகிறது. போன இடத்திலும் என்ன நடக்கிறது? 2018இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தடுத்தார்கள். போராட்டம் நடந்த பிறகே அவருக்கு அந்த வேலை திரும்பக் கிடைத்தது. அது பள்ளிக் கல்வித்துறைப் பள்ளிதான். துறை மாறினால் சாதி மாறிவிடாது.

பள்ளி தூரமானால் என்ன ஆகும் என்பதைக் காஞ்சிபுரம் நன்றாக அறியும். கோர்வைச் சேலைக்குக் கரையும் உடலும் வேறு வேறு நிறம். நெசவாளிக்குப் பக்கத்தில் நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை நெடுங்காலம் பிள்ளையின் கையாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் கட்டுண்ட பிள்ளைகளைப் பற்றி, மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் பேசியது. அவர்களில் தலித் பிள்ளைகளும் இருந்தார்கள். பள்ளியை விட்டு நின்ற பிள்ளையைத் தறி ஏற்றுக்கொண்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று இன்னும் வழி வைத்திருக்கிறது. 1953இல் ராஜாஜியின் அரை நாள் பள்ளியைக் குலக்கல்வி என்று எதிர்த்து, மறு ஆண்டே கைவிட வைத்த மண் இது. அந்த எதிர்ப்பை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆகவே இணைப்புக்கு நம் நிபந்தனைகள் நான்கு. முதலாவது, பள்ளி நிலம் பள்ளிக்கே இருக்க வேண்டும். பிள்ளைகள் குறைந்தார்கள் என்று மூடி, இடத்தை வேறு காரியத்துக்குக் கொடுக்கக் கூடாது. இரண்டாவது, நம் பிள்ளைகளுக்கான நிதி பொதுக் கணக்கில் கரையக் கூடாது. 2024இல் வந்த ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குக் கேட்போம். மூன்றாவது, கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கும் உரிய பங்கு உண்டு. அந்த இடத்தில் நம் தாய்மார்கள் கையெழுத்துக்காக மட்டும் உட்காரக் கூடாது. நான்காவது, எங்கே காலனிப் பள்ளிக்கு நல்ல கட்டடமும் இடமும் இருக்கிறதோ, அங்கே அதுவே பொதுப் பள்ளி ஆகட்டும். ஊர்ப் பிள்ளைகள் அங்கே வரட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் என்று ஐந்து ஒன்றியங்கள். ஆளுக்கொரு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கும் காலனிக்கும் நடுவிலிருக்கும் சாலையில் காலை எட்டரை மணிக்கு ஒரு நோட்டுடன் நில்லுங்கள். எத்தனை பிள்ளைகள் இந்தப் பக்கமிருந்து போகிறார்கள், எத்தனை பேர் அந்தப் பக்கமிருந்து வருகிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையோடு கிராம சபையில் பேசுவோம். தாத்தா மணி அடிக்கும் வரை வெளியே காத்திருந்தார். நம் பிள்ளைகள் மணி அடிக்கும் முன்பே உள்ளே போய் விளையாட வேண்டும்.

ஜெய்பீம்.