தலைமடையும் மொய் நோட்டும்

தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கிறது பூதலூர். பக்கத்தில்தான் கல்லணை. அங்கே பிரியும் கல்லணைக் கால்வாய் பூதலூரைத் தொட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குள் புகுகிறது. பிறகு ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களுக்குத் தண்ணீர் தந்து, புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் போய் முடிகிறது. நீளம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மேட்டூர் அணையோடு சேர்த்து 1934இல் பாசனத்துக்கு வந்தது. வயது தொண்ணூறைத் தாண்டியும் தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது இன்றைக்கும் 'புது ஆறு'தான்.

இந்தக் கால்வாய்க்குப் பூதலூர் தலைமடை, பேராவூரணி கடைமடை. மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்துத்தான் திறப்பார்கள். தலைமடை விவசாயி தன் வயல் நிறைந்ததும் மடையை அடைத்தால் மிச்சத் தண்ணீர் கீழே போகும். அடைக்காமல் தூங்கிவிட்டால்? பேராவூரணிக்காரர் பஸ் ஏறி வந்து கேட்கப்போவதில்லை. அவர் யார் என்றே இவருக்குத் தெரியாது. முகம் தெரியாத ஒருவருக்காக ஒரு மனிதர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

உழவர் கூட்டங்களில் எழுகிற கேள்விதான் இது. உயிரியலும் இதே கேள்வியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியது. பிழைப்பதும் பெருகுவதும்தான் இயற்கைத் தேர்வின் கணக்கு என்றால், அடுத்தவருக்காக நஷ்டப்படுகிற குணம் எப்போதோ அழிந்திருக்க வேண்டும். 1871இல் வெளிவந்த மனிதனின் தோற்றம் பற்றிய நூலில் டார்வின் இந்தச் சிக்கலைத் தொட்டார். கணக்குப் போட்டு விடை சொன்னவர் வில்லியம் ஹாமில்டன் என்ற ஆங்கிலேய இளைஞர், 1964இல். ஒருவர் செய்யும் உதவி ரத்த உறவுக்குள் போய்ச் சேர்ந்தால், அந்த உதவிக் குணத்துக்குக் காரணமான மரபணுவின் நகல் உறவினர் உடம்பிலும் இருக்க வாய்ப்புண்டு. கூடப்பிறந்தவரிடம் பாதி, அண்ணன் மகனிடம் கால், ஒன்றுவிட்ட சகோதரரிடம் அரைக்கால். கிடைக்கும் பலனை உறவின் நெருக்கத்தால் பெருக்கினால், அது செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும். அப்போது தியாகம் நிலைக்கும்.

இதை முன்கூட்டியே வேடிக்கையாகச் சொன்னவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். ஒரு சகோதரனுக்காக உயிரைக் கொடுக்க மாட்டேன், இரண்டு சகோதரர்கள் அல்லது எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்றால் கொடுக்கலாம் என்பது அவர் பேரில் வழங்கும் பேச்சு. அந்த ஹால்டேன் 1957இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்தார், இந்தியக் குடிமகன் ஆனார், ஹாமில்டனின் கட்டுரை வெளியான அதே 1964இல் புவனேஸ்வரில் காலமானார். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் தென்னிந்திய வழக்கத்தின் மரபியல் விளைவுகள் அவர் ஆர்வம் காட்டிய ஆராய்ச்சிப் பொருள்.

ஆனால் தமிழ்க் குடும்பத்தின் வாசலுக்கு வந்ததும் இந்தக் கணக்கு கொஞ்சம் தடுமாறுகிறது. காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி. பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் சீர். பல சமூகங்களில் தாய்மாமன் இப்படி முன்னால் நிற்பதற்குப் பரிணாமவாதிகள் ஒரு காரணம் சொல்கிறார்கள்: தாய் யார் என்பதில் சந்தேகமே கிடையாது, ஆகவே அக்காள் தங்கை பிள்ளை தன் ரத்தம் என்பது மாமனுக்கு உறுதி. காதுகுத்து வீட்டில் சொன்னால் அடிதான் கிடைக்கும். இருந்தாலும் புறந்தள்ள முடியாத விளக்கம்.

தடுமாற்றம் அதற்கு அடுத்த படியில் வருகிறது. மரபணுக் கணக்கில் பெரியப்பா மகளும் மாமன் மகளும் ஒன்றுதான், இருவரும் அரைக்கால் பங்கு. நம் வழக்கத்திலோ ஒருத்தி தங்கை, மற்றவள் முறைப்பெண். ஒருத்தியைக் கட்ட நினைப்பதே பாவம், மற்றவளைக் கட்டாமல் போனால் கோபம். இந்தக் கோட்டைப் போட்டது மரபணு இல்லை. பெண் கொடுத்துப் பெண் எடுத்து, சம்பந்தி உறவைத் தலைமுறை தாண்டிக் காப்பாற்றும் சமூக ஏற்பாடு அது. 1949-50இல் தமிழ்நாட்டில் தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் விரிவாக எழுதியது இதைத்தான்.

சரி, உறவே இல்லாதவருக்கு எதற்காக உதவுவது? 1971இல் ராபர்ட் டிரிவர்ஸ் பதில் சொன்னார்: இன்று நான், நாளை நீ. இது நிலைக்கச் சில நிபந்தனைகள் உண்டு. இருவரும் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும், யார் என்ன செய்தார் என்று நினைவில் இருக்க வேண்டும், வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறவரை ஒதுக்கத் தெரிய வேண்டும். கோஸ்டா ரிகாவில் ரத்தம் குடிக்கும் வௌவால்களை ஆராய்ந்த ஜெரால்ட் வில்கின்சன் 1984இல் இதற்கு ஓர் உதாரணம் தந்தார். இரண்டு மூன்று இரவு பட்டினி கிடந்தால் அந்த வௌவால் செத்துவிடும். வயிறு நிறைந்து திரும்பியது, பசித்திருக்கும் கூட்டாளிக்குத் தான் குடித்த ரத்தத்தைக் கக்கி ஊட்டுகிறது. உறவுக்கு மட்டும் இல்லை, நெடுநாள் கூட வசித்ததற்கும் கொடுக்கிறது.

வௌவாலிடம் கணக்கு எழுதும் நோட்டு இல்லை. பேராவூரணியில் இருக்கிறது.

புது ஆற்றின் கடைமடைப் பகுதியிலும், அதை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கமும் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து களைகட்டும். கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டியதில்லை. மொய் வாங்குவதற்கென்றே பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறி விருந்து. பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் செலவைப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஆளுக்கு ஒரு நோட்டு, எழுதுவதற்கு ஓர் ஆள், பணம் போட ஒரு பாத்திரம். பணம் எண்ணும் இயந்திரமும் வங்கி ஊழியர்களும் பந்தலுக்கே வந்த வருஷங்கள் உண்டு. ஒருவர் ஏறக்குறைய ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் விருந்து வைக்கலாம். வந்த பணம் ஆழ்துளைக் கிணறாகும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகும், கடைக்கு முதலாகும். வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆயிரம் வாங்கியவர் ஆயிரத்தைத் திருப்பினால் போதாது, மேலே புதிதாக ஒரு தொகை வைத்து எழுத வேண்டும். வாங்கியதை மட்டும் திருப்பினால் உறவை முடித்துக்கொள்கிறார் என்று பொருளாகிவிடும். புதுத் தொகை சேர்ந்தால் கடன் எதிர்ப்பக்கம் மாறுகிறது, கணக்கு உயிரோடு இருக்கிறது. அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்சல்ராடு கணினி நிரல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு ஒரு போட்டி நடத்தினார். அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய மிக எளிய நிரல் ஜெயித்தது: முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி செய்ததையே செய். ஆக்சல்ராடும் ஹாமில்டனும் சேர்ந்து 1981இல் அதைப் பரிணாமத்தோடு பொருத்திக் காட்டினார்கள். எதிர்காலம் நீண்டதாக இருந்தால்தான் ஒத்துழைப்பு லாபம் என்பது அவர்கள் முடிவு. மொய் விருந்துக்காரர்கள் ஒரு படி மேலே போய், எதிர்காலம் முடிந்துவிடாதபடி விதியையே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஏமாற்றுகிறவர் தப்புவது கஷ்டம். திருப்பி எழுதாதவர் பேர் நோட்டில் நிற்கும், ஊர் வாயிலும் நிற்கும். அவர் அடுத்துப் பந்தல் போட்டால் இலை காலியாகக் கிடக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது, பின்னாலேயே கொரோனா. மொய் வசூல் படுத்தது. அதோடு வழக்கமே போய்விடவில்லை, விருந்துகள் மறுபடி நடந்தன.

நம்பகமான ஆள் யார் என்று ஊர் எப்படித் தெரிந்துகொள்கிறது? தென் தமிழகத்தில் இரண்டு கிராமங்களில் ஆய்வு செய்த எலினார் பவர் 2017இல் வெளியிட்ட முடிவு சுவையானது. ஊர் பார்க்கக் காவடி எடுத்து, தீமிதித்து, கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர்களை அக்கம்பக்கத்தார் நல்ல குணமுள்ளவர்களாக மதிக்கிறார்கள். கஷ்ட நேரத்தில் கைகொடுக்கும் தொடர்புகளும் அவர்களுக்கு அதிகம். வலியும் செலவும் உள்ள செயலைப் பொய்யாகச் செய்வது கடினம் என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் பரிணாமக் கருத்து.

இதையெல்லாம் கேட்டுவிட்டு டெல்டாவே பரஸ்பர உதவியால் நிறைந்த பூமி என்று நினைத்தால் அது பெரிய தப்பு. வாய்க்காலைத் தூர்வாரிப் பராமரித்த கூட்டு உழைப்பைக் குடிமராமத்து என்று பெருமையாகச் சொல்கிறோம். அதற்கு ஆள் வராவிட்டால் கட்டாயப்படுத்த சென்னை மாகாணத்துக்கென்று 1858இல் ஒரு சட்டமே வந்தது. மண்வெட்டி பிடித்த பண்ணையாள் மறுக்க முடியாதவர். கூலி நெல் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கணக்கு வைக்கும் மனசும் ஏமாற்றுகிறவரை ஒதுக்கும் மனசும் பரிணாமம் தந்த சொத்தாக இருக்கலாம். யார் நம்மாள், யார் வெளியாள் என்ற எல்லையைப் போட்டது வரலாறும் நிலவுடைமையும்.

அந்த எல்லைகளில் ஒன்று சாதி. சாதிக்குள் மணப்பது மனித இயல்பு என்று வாதிடுபவர்களுக்கு மரபியலே பதில் வைத்திருக்கிறது. ஹைதராபாத் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தியாவின் மக்கள் கூட்டங்கள் பரவலாகக் கலந்திருக்கின்றன. கதவு சாத்தப்பட்டது அதற்குப் பிறகு. மனித இனத்தின் வயதோடு வைத்துப் பார்த்தால் நேற்று நடந்த விஷயம்.

அந்தத் தலைமடை விவசாயிக்கு வருவோம். ஒரு கிளை வாய்க்காலுக்குள் மொய்க் கணக்கு செல்லும். அங்கே மடையை அடைக்காதவர் யார் என்று விடிவதற்குள் தெரிந்துவிடும். 150 கிலோமீட்டருக்கு அது செல்லாது. பேராவூரணிக்காரர் பூதலூருக்குப் பதில் செய்ய வழியே இல்லை, தண்ணீர் மேலே ஏறாது. அதனால்தான் பொதுப்பணித்துறை வந்தது, கரையில் மடைகளைக் கவனிக்கும் லஸ்கர் வந்தார், முறைப் பட்டியல் வந்தது. ஊர்கள் தாமே நடத்திய பாசன அமைப்புகளை உலகெங்கும் ஆராய்ந்து 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், பெரிய அமைப்பு நிலைக்க வேண்டுமானால் சிறு குழுக்களை அடுக்கடுக்காகக் கட்ட வேண்டும் என்றார். தமிழக அரசு 2017இல் குடிமராமத்தை மறுபடி தொடங்கியபோது, செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் ஏற்க வேண்டும் என்று வைத்தது. பணத்தைவிட, பணி நம்முடையது என்ற எண்ணத்துக்காக வைத்த விதி.

மொய்யும் இப்போது ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு குடும்பம் கல்யாணப் பத்திரிகையிலேயே கியூஆர் குறியீட்டை அச்சிட்டது செய்தியானது. இன்று சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கிறவர் ஊர் விசேஷத்துக்குக் கைப்பேசியிலேயே மொய் அனுப்பிவிடலாம். பணம் வந்துவிட்டதா என்று கைப்பேசி சொல்லிவிடும். ஆனாலும் அந்தப் பேரை ஒருவர் உட்கார்ந்து நோட்டில் எழுத வேண்டியிருக்கிறது, எதிரில் ஊரும் தொகையும்.