குமிழ் இழந்த கிட்டார்
(ஜூபிலி விழாவை முன்னிட்டுப் பாடற்குழுவினருக்கு ஆற்றிய உரை)



இசைக்கருவிகளைப் பழுது பார்ப்பது பற்றிச் சில சொற்கள் கூறப் பணிக்கப்பட்டுள்ளோம். எடுத்துக்காட்டாக ஓர் அமெரிக்கக் கருவியை எடுத்துக்கொள்கிறோம். அதன் பெயர் பெடல் ஸ்டீல் கிட்டார். மார்போடு அணைத்து வாசிக்கும் கிட்டார் அன்று இது. கால்கள் பூட்டி மேசைபோல் நிறுத்தப்படுவது. இடக்கையில் உள்ள எஃகுத் துண்டு தந்திகள்மேல் வழுக்க, வலக்கை மீட்ட, காலால் மிதியை அழுத்தினால், ஒலித்துக்கொண்டிருக்கும் சுரமே வளைந்து அடுத்த சுரத்துக்கு ஏறும். 1954-இல் வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' என்ற பாட்டில் பட் ஐசக்ஸ் இப்படி வாசித்ததைக் கேட்டுத்தான் கண்ட்ரி இசைக்காரர் பலர் மிதிகளைத் தேடலாயினர். 1957-இல் ஃபெண்டர் கம்பெனி இரண்டு கழுத்தும், கழுத்துக்கு எட்டுத் தந்தியுமாக '1000' என்ற கருவியை வெளியிட்டது. 'ஹவுஸ் ஆஃப் காட்' என்னும் கறுப்பின மக்களின் சபையிலோ, 1930-களின் இறுதியில் ட்ரோமன் ஈசன், வில்லி ஈசன் சகோதரர் தொடங்கிவைத்த ஸ்டீல் கிட்டார், ஆர்கனுக்குரிய இடத்தையே பிடித்துக்கொண்டது.

இத்தகைய பழைய கருவி இன்று கைக்கு வரும்போது, சில வேளை குமிழ் இருந்த இடத்தில் வெறும் துளைதான் இருக்கும். ஒலியைக் காலால் கூட்டிக் குறைக்கத் தனி மிதி உண்டல்லவா? கரகரக்கும் வால்யூம் கண்ட்ரோல் எதற்கு என்று யாரோ கழற்றி எறிந்து, கம்பியை நேரே ஜாக்கில் பற்றவைத்திருப்பார்கள். சத்தம் வருகிறது, வேறென்ன வேண்டும் என்பார்கள். வருவது பழைய குரல் அன்று என்பதே நம் வழக்கு. கண்ட்ரோல் வெறும் குழாய்த் திருகு அன்று. முழுதும் திறந்திருக்கும்போதும் அது பிக்கப்பின் குறுக்கே நின்று, கீச்சொலியில் ஒரு பகுதியைத் தரைக்கு இழுத்துக்கொள்கிறது. அதை நீக்கினால் குரல் கூர்மையாகிக் காதைக் குத்தும்.

ஆகவே எதைப் போடுகிறோம் என்பது முக்கியம். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்குப் பெரும்பாலும் 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுக்கு 500. கடையில் கிடைத்ததென்று 25 கிலோ ஓம் மாட்டினால், கம்பளிக்குள் பாடுவதுபோல் ஆகிவிடும். வால்யூமுக்கு லாக் வகையே கேளுங்கள்; லீனியர் வகையில் மாற்றமெல்லாம் குமிழின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். டோன் கண்ட்ரோலுக்கு 0.05 மைக்ரோஃபாரட் அளவுள்ள கண்டென்சர் பல கருவிகளுக்குப் பொருந்தும்.

ஆனால் வாங்குமுன் விளக்கைப் பிடித்து உள்ளே பாருங்கள். எஞ்சிய ஈயப் பற்று, கத்தரித்த கம்பியின் நிறம், குமிழ் மறைத்திருந்த வட்டத்தில் மங்காத வர்ணம், எல்லாம் சாட்சி சொல்லும். ஒரு கண்ட்ரோலாவது தப்பியிருந்தால் அதன் முதுகில் எண் இருக்கும். 1376633 என்றால், 137 என்பது சி.டி.எஸ். கம்பெனி, 66 என்பது 1966, 33 என்பது அவ்வாண்டின் வாரம். கருவி அதற்கு முன் பிறந்திராது. அந்த உறுப்பு பின்னால் மாற்றப்படவில்லை என்றால்தான். புதுத் துளை மட்டும் போடாதீர்கள். அதைத் திரும்ப அடைக்க எந்த ஆசாரியாலும் ஆகாது!

தந்திகளைத் தரையோடு இணைக்கும் கம்பி அறுந்திருக்கிறதா என்றும் மல்டிமீட்டரால் பார்க்கவேண்டும். அறுந்திருந்தால் இரைச்சல் மிகும். அதைச் சேர்த்தபின் இரண்டு ஊசி பிளக் உள்ள பழைய ஆம்ப்ளிஃபையரில் மாட்டாதீர்கள். அதில் கசிவு இருந்தால் மின்சாரம் தந்தி வழியே வாசிப்பவர் கைக்கு வரும். மைக்கை உதடு தொட்டால் உயிருக்கே ஆபத்து. முதலில் ஆம்ப்ளிஃபையருக்கு எர்த்துடன் கூடிய மூன்று ஊசி பிளக் போடச் செய்யுங்கள்.

மூடுமுன் ஸ்க்ரூ டிரைவரால் பிக்கப்பை மெல்லத் தட்டி, குமிழைத் திருப்பிக் கேளுங்கள். கழற்றிய உறுப்புகளை ஓர் உறையில் இட்டு, எந்தக் கம்பி எங்கிருந்தது என்று எழுதி, கருவியின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அடுத்துத் திறப்பவர் தேட வேண்டியிராது.