காமமும் துறவும்: சிந்தாமணி சொல்லும் ஒரு செய்தி

(தசலட்சண பருவத்தின் பத்தாம் நாள் இத்தலாரில் ஆற்றிய உரை)





வந்தவாசி, செஞ்சிப் பக்கத்து ஊர்களில் இருப்பதுபோல் காலையில் எழுந்து நடந்துபோய்த் தொழுதுவர நமக்கு இங்கே ஜினாலயம் இல்லை. பணியின் பொருட்டு இம்மலைக்கு வந்து தங்கிவிட்ட சில குடும்பங்கள், ஓர் இல்லத்தின் கூடத்திலேயே பத்து நாளும் பூசை இயற்றியிருக்கிறோம். இன்று நிறைவு நாள். உத்தம பிரம்மசரியத்துக்கு உரிய நாள்.

இந்நாளில் பேச எழுவோர் காமத்தை இழித்துரைத்துவிட்டு அமர்வது வழக்கம். நானும் அவ்வாறு பலமுறை பேசியிருக்கிறேன். இன்று அப்படிப் பேச மனம் வரவில்லை. காமத்தை இழிந்ததென்றே நம் முன்னோர் கருதியிருந்தால், சீவக சிந்தாமணி என்ற நூல் தோன்றியிருக்காது. அதற்கு மணநூல் என்று மற்றொரு பெயர். சீவகன் எண்மரை மணக்கிறான். கூடலும் ஊடலும் பிரிவும் நூல் முழுவதும் நிறைந்திருக்கின்றன. இதை எழுதியவரோ முற்றும் துறந்த முனிவர். துறவியால் இன்பச்சுவையைப் பாட இயலுமா என்று மதுரைப் புலவர்கள் ஐயுற்றதாகவும், பாடி முடித்தபின் அவருடைய ஒழுக்கத்தையே ஐயுற்றதாகவும், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தித் திருத்தக்கதேவர் தம் தூய்மையை மெய்ப்பித்ததாகவும் செவிவழிக் கதை உண்டு. கதையின் உண்மை எதுவாயினும், அந்த ஐயம் இன்றும் நம்மிடையே இருக்கிறது.

நம் குடும்பங்களுக்கு அந்த ஐயம் ஒருகாலத்தில் இருக்கவில்லை என்பதற்குச் சான்று உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன், பொருள் விளங்காத இடங்களைக் கேட்டறியக் கும்பகோணத்து ஜைனர் இல்லங்களை நாடிச் சென்றார். ஓர் இல்லத்தில் அன்று சிந்தாமணி படித்து நிறைவுசெய்யும் விழா நடந்துகொண்டிருந்தது. கல்லூரி ஆசிரியரான அவருக்கே அரிதாக இருந்த நூல், நம்மவர் வீட்டில் பாராயண நூலாக இருந்திருக்கிறது! எட்டு மணங்களையும் கேட்டவர்கள்தாம் முத்தி இலம்பகத்தையும் கேட்டார்கள். முன்னதை விலக்கிவிட்டுப் பின்னதை மட்டும் படித்தவர்கள் அல்லர்.

நானோ, முதுகலையில் அந்நூலைப் பயின்றும், வகுப்பறையில் அப்பகுதிகளைத் தாண்டிச் சென்றவன். "ஐயா, துறவி ஏன் இதை எழுதினார்?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "அது தேர்வுக்கு வராது, உட்கார்" என்றேன். அவள் கேட்டது நல்ல வினா. விடை நூலின் தொடக்கத்திலேயே இருந்தது.

ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன் தன் தேவி விசயையின் மேல் கொண்ட காதலால் அரசையே அமைச்சன் கட்டியங்காரன் கையில் ஒப்படைத்தான். அதனால் உயிரிழந்தான். கருவுற்ற விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பி, சுடுகாட்டில் சீவகனைப் பெற்றாள். சச்சந்தன் பிறன்மனை நயந்தவன் அல்லன். தன் மனைவியையே விரும்பினான். அவன் பிழைதான் யாது? தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், இல்லறத்தார்க்குரிய பிரம்மசரிய அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று காமத்தில் மிகைப்பட்ட தீவிரம். சொந்த மனையாளிடத்தும் அது குற்றமே. (பிறருக்கு மணம் முடித்து வைப்பதும் அந்த ஐந்தில் ஒன்று. வரன் தேடித் தருவதையே தொண்டாகக் கொண்ட நம் பெரியவர்கள் என்னைப் பொறுத்தருள்க.) எனவே விரதம் கேட்பது காமம் அற்றுப்போவதை அன்று, காமத்தால் மற்றோர் உயிர் நலிவுறாமையை. சச்சந்தனின் மயக்கத்துக்கு விலை கொடுத்தவள் விசயை. ஆகவே இவ்விரதத்தையும் அகிம்சையின் ஒரு கிளையாகவே நான் கொள்கிறேன்.

இன்று கைப்பேசித் திரையில் உடல் விலைப்பொருளாகிவிட்டது. வீட்டிலோ அதைப்பற்றி ஒரு சொல் பேசுவதும் கூச்சம். இவ்விரண்டுக்கும் இடையே வளரும் பிள்ளைகள் யாரிடம் கேட்பார்கள்?

முடிவிலே சீவகன் துறக்கிறான். ஆண்குரங்கு தன் துணைக்குக் கொடுத்த பலாச்சுளையைத் தோட்டக்காவலன் பறித்துக்கொள்வதைக் கண்டு அவன் உள்ளம் மாறுகிறது. துறவுக்கு வித்திட்ட காட்சியும் ஒரு காதற்காட்சியே! பின்னர்த் தன் கருத்தைத் தேவியரிடம் தெரிவிக்கிறான். அவர்கள் துயருறுகின்றனர், பிறகு அவர்களும் துறவு மேற்கொள்கின்றனர். ஒருவனுக்கு எண்மர் என்பதை இன்று நாம் ஏற்க முடியாது. ஆயினும், அவன் சொல்லாமல் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் காலத்துக்கு வருவோம். காந்தியடிகள் 1906இல் தென்னாப்பிரிக்காவில் பிரம்மசரிய விரதம் பூண்டார். அவ்வெண்ணம் தம்முள் வேரூன்ற ஜைன அறிஞர் ராய்சந்த்பாயின் தாக்கமும் காரணம் என்று தம் வரலாற்றில் எழுதுகிறார். அதே இடத்தில், அதுவரை தம் எண்ணத்தை மனைவியிடம் சொல்லவில்லை என்றும், விரதம் ஏற்கும் வேளையில்தான் கேட்டதாகவும், அவர் மறுக்கவில்லை என்றும் மறைக்காமல் பதிவு செய்கிறார். கஸ்தூர்பா அம்மையார் தம் மனத்தை எழுதி வைக்கவில்லை. மறுக்கவில்லை என்ற அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் நான் சற்று நிற்பதுண்டு.

நிற்பதற்குக் காரணம் என் வீட்டில் இருக்கிறது. பணிநிறைவு பெற்ற ஆண்டில், ஏழாம் பிரதிமைக்குரிய பிரம்மசரியத்தை ஏற்பதென்று நானாகவே முடிவு செய்தேன். என் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டேன். நான்கு நாள் என் துணைவியார் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று நான்கு இரவு உறங்கவில்லை. விரதம் என்றால் எனக்கும் அதில் பங்கு உண்டல்லவா? முதலில் என்னிடம் சொல்லியிருக்கலாமே."

முப்பத்தைந்து ஆண்டு தமிழ் கற்பித்தவனுக்கு அன்று மறுமொழி கூறச் சொல் கிடைக்கவில்லை. படுக்கையை மறுபடி உள்ளே கொண்டுவந்தேன். அவ்விரதத்தைப் பற்றி நாங்கள் இருவரும் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னும் ஏற்கவில்லை. இங்கே இதைச் சொல்லலாமா என்று நேற்றிரவு அவரிடம் கேட்டேன். "சொல்லுங்கள், ஆனால் தேநீரில் சர்க்கரை குறைவாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டாம்" என்றார்.