உங்கள் வீட்டு வால்வு எங்கே இருக்கிறது?



இரவு 11 மணிக்கு உங்கள் கீசருக்குப் போகும் பைப் பிய்த்துக்கொண்டால், தண்ணீரை எங்கே நிறுத்துவீர்கள்? நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தாலும், 100 நிமிடத்தில் 1000 லிட்டர். சேதம் நம் வீட்டோடு நிற்காது, கீழ்வீட்டுச் சீலிங்கிலும் இறங்கும்.

பல வீடுகளில் வால்வு பரணுக்குள்ளோ, கிச்சன் கப்போர்டுக்குப் பின்னாலோ மறைந்திருக்கிறது. தச்சரை அழைத்து, கை நுழையும் அளவுக்கு ஒரு சிறு கதவு வையுங்கள்.

போர் தண்ணீரின் உப்பு படிந்து, திருகாத வால்வு இறுகிவிடும். லாக்கரை அவ்வப்போது வந்து திறந்து பாருங்கள் என்று வங்கியில் சொல்வோம். வால்வுக்கும் அதேதான். நம் காலாண்டிதழ் வரும்போதெல்லாம் ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள்.

இறுகியிருந்தால் ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள். தண்டு முறிந்தால் செலவு இரட்டிப்பு. வால்வை மாற்ற மொட்டைமாடி லைனை மூட வேண்டியிருக்கும். அந்த லைனில் உள்ள மற்ற வீடுகளுக்கும் தண்ணீர் வராது. அதனால் முதல் நாளே சங்கத்தில் சொல்லிவிட்டு, பகலில் பிளம்பரை வையுங்கள்.

இன்றே வீட்டில் உள்ள எல்லோருக்கும், பிள்ளைகள் உட்பட, வால்வைக் காட்டிவிடுங்கள்.