நெல் அறையில் ஊர்வது எது?

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நெல் அடுக்கிய அறையில் சிறு பூச்சிகள் ஊர்வதைக் கண்டதும் "வண்டு விழுந்துவிட்டது" என்று மருந்து தேடிப் புறப்படுகிறோம். எந்த வண்டு என்று பார்ப்பதில்லை. தானியத்தைத் தின்பது ஒன்று, தூசியைத் தின்பது வேறொன்று.

மூட்டையின் நடுவிலிருந்து இரண்டு படி நெல்லை எடுத்து, வெள்ளைத் துணியின்மேல் சலித்துப் பாருங்கள். நீண்ட மூக்கும், முதுகில் நான்கு மங்கிய செம்மஞ்சள் புள்ளிகளும் இருந்தால் அது அரிசி வண்டு. உமி பிளவுபடாத நெல்லில் இது எளிதில் நுழைவதில்லை. அரிசியையும் சோளத்தையும்தான் அழிக்கும். உடல் உருளையாகவும், மேலிருந்து பார்த்தால் தலையே தெரியாதவாறு கீழ்நோக்கி மடங்கியும் இருந்தால் அது தானியத் துளைப்பான். துணியில் மாவுபோல் தூள் படிவது இதன் அடையாளம். நெல்லுக்கு அஞ்ச வேண்டியது இதற்குத்தான். இவ்விரண்டின் புழுக்களும் மணிக்குள்ளேயே வளர்கின்றன. எனவே, ஊர்வதைக் கொன்றுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

தட்டையான செம்பழுப்பு மாவு வண்டு, முழு மணியைத் துளைக்காது. நொய்யும் தூசியும் அதன் உணவு. அதற்கு முறமும் சல்லடையும் போதும்.

வெளிறிய நிறத்தில், 1 மில்லிமீட்டர் அளவில், இறக்கையின்றி விரைந்தோடுவது புத்தகப்பேன். அது பூசணத்தைத் தின்று வாழ்வது. அதைக் கண்டால் நெல்லில் ஈரம் இருக்கிறது என்று பொருள். 12 சதவீத ஈரத்திற்கு வரும்வரை நெல்லைக் காய வையுங்கள். விதை நெல்லானால் உச்சி வெயில் வேண்டாம். மூட்டைகளை மரச்சட்டத்தின்மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். மருந்துக்கு இங்கே வேலையே இல்லை.

துளைப்பான் கண்ட மூட்டையை உடனே பிரித்து வைத்து, சலித்து, காய வையுங்கள். சலித்த தூசியை எரித்துவிடுங்கள். இதற்காக அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் வைப்பவர்கள் உண்டு. அதிலிருந்து வரும் நச்சுவாயு கதவிடுக்கின் வழியே படுக்கையறைக்குள் புகுந்து உறங்குவோரைக் கொல்லும். பயிற்சி பெற்றோர் கிடங்குகளில் மட்டுமே கையாள வேண்டிய மருந்து அது. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இனம் தெரியாவிட்டால், பத்துப் பூச்சிகளையும் ஒரு கைப்பிடி நெல்லையும் மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டு, அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திற்குக் கொண்டு செல்லுங்கள். பூச்சியை நசுக்காமல் கொண்டு போங்கள். நசுங்கிய பின் மூக்கு எது, தலை எது என்று எங்களுக்கும் தெரியாது.