நாயகனின் நிறம் யார் கையில்?



மறைந்தவரை நினைவுகூரும் மேடை இது. எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் படைத்த மனிதன் திரையில் காணாமல் போன ஒரு கதையை இங்கே பேசுவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ என்ற மாயப்புனைவு நாவலை வெளியிட்டார். தீவுகளால் ஆன ஓர் உலகம். கொண்ட் தீவில் ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் பெரும் மந்திரவாதியாக வளர்கிறான். பெயர் கெட். நிறம் செம்பழுப்பு. அவனுடைய உற்ற தோழன் வெட்ச் நல்ல கறுப்பு. வெள்ளை நிறத்தவர் யார் என்றால், முதல் அத்தியாயத்தில் கொள்ளையடிக்கக் கப்பலேறி வரும் கார்க் படையினர்.

வெள்ளை வீரர்களே நிறைந்திருந்த ஆங்கில மாயப்புனைவில் இது துணிச்சலான காரியம். அதையும் அவர் பறையறைந்து செய்யவில்லை. நிறத்தை மெல்ல மெல்லத்தான் சொல்கிறார். வெள்ளை வாசகன் அதைக் கவனிக்கும்போது கெட்டின் தோலுக்குள் ஏற்கெனவே குடியேறியிருப்பான்.

2004 டிசம்பரில் அமெரிக்காவின் சைஃபை அலைவரிசை இதை இரண்டு பாகத் தொடராக ஒளிபரப்பியது. கெட்டாக வந்தவர் ஷான் ஆஷ்மோர் என்ற வெள்ளை நடிகர். வெட்சும் வெள்ளை. கறுப்பின நடிகர் டேனி குளோவருக்குக் கிடைத்தது குரு ஓகியனின் வேடம். வழிகாட்டக் கறுப்பர் இருக்கலாம். கதை அவருடையதாக இருக்கக் கூடாது.

பெயரையும் விடவில்லை. நாவலில் ஊர் அழைக்கும் பெயர் ஸ்பாரோஹாக். கெட் என்பது மெய்ப்பெயர். உயிரை ஒப்படைக்கும் அளவுக்கு நம்பும் ஒருவரிடம் மட்டுமே சொல்வது. தொடரில் இரண்டும் இடம் மாறின. ஊர் வைத்த பெயருக்கும் தனக்கான பெயருக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியாததல்ல.

லெ குவின் அதே மாதம் ‘ஸ்லேட்’ இதழில் தன் எதிர்ப்பை எழுதினார். ஒப்பந்தப்படி அவர் ஆலோசகர். ஆனால் அந்தச் சொல்லுக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை.

சினிமா வேறு கலை, மாற்றம் தவிர்க்க முடியாது என்பார்கள். உண்மைதான். 2006இல் ஜப்பானின் ஜிப்லி நிறுவனத்துக்காக கோரோ மியாசாகி எடுத்த படம் பல எர்த்ஸீ நூல்களைக் கலந்தது. நாவலில் இல்லாத தந்தைக் கொலையைச் சேர்த்தது. அதிலும் லெ குவினுக்கு மனக்குறை உண்டு. ஆனால் அது கதையை மாற்றிய மாற்றம். 2004இல் மாறியது கதைக்கு உரியவன்.

நாவல் வாசகனிடம் நிறத்தைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். திரைக்கு அந்த வசதி இல்லை. முதல் காட்சியிலேயே முகம் தெரிந்துவிடும். ஆகவே நடிகர் தேர்வு நடக்கும் அறையில்தான் நாவலின் அரசியல் நிற்கிறது அல்லது விழுகிறது. ‘நாங்கள் நிறம் பார்ப்பதில்லை’ என்பது அந்த அறையில் எளிதாக வரும் பதில். ‘நாங்கள் சாதி பார்ப்பதில்லை’ என்பதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. எழுத்தாளர் பார்த்து எழுதியதைப் பார்க்க மறுத்தால், காலியாகும் இடத்தில் ஏற்கெனவே இடம் உள்ளவரே வந்து உட்காருவார்.

திரைக்கு முன்பே புத்தக அட்டைகளும் கெட்டை வெளுக்க வைத்தன. அதற்காகப் பதிப்பகங்களோடு லெ குவின் நெடுங்காலம் போராடினார். சார்ல்ஸ் வெஸ் வரைந்த படங்களோடு எர்த்ஸீ கதைகள் ஒரே பெருந்தொகுதியாக வந்தது 2018இல். ஓவியரோடு சேர்ந்து உழைத்த லெ குவின் அந்த ஆண்டு ஜனவரியில் காலமாகிவிட்டார். அச்சான நூலை அவர் பார்க்கவில்லை. அதில் கெட் அவர் எழுதிய நிறத்தில் இருக்கிறான்.

நம் கதைகளையும் சினிமா கேட்டு வருகிறது. கொடுப்போம். கையெழுத்துக்கு முன் ஒன்றை எழுதி வாங்குவோம்: காட்சியைக் குறைக்கலாம், முடிவைக்கூட விவாதிக்கலாம், இவன் யார், எந்தத் தெருவில் பிறந்தவன், என்ன பெயர் என்பவற்றை எங்களைக் கேட்காமல் மாற்றக் கூடாது. ஆலோசகர் என்ற பட்டம் போதாது. மறுக்கும் உரிமை வேண்டும்.