கொழுக்கட்டைப் புல்லும் கொறங்காடும்



புல் என்னும் சொல்லை நாம் இழிவுப் பொருளில் வழங்கிப் பழகிவிட்டோம். ஒருவரை மதியாதபோது ‘புல்லாக மதித்தான்’ என்கிறோம். அற்பமானதைப் ‘புல்லியது’ என்கிறோம். ஆனால் நாம் உண்ணும் நெல்லும், கம்பும், கேழ்வரகும், சுவைக்கும் கரும்பும், வீட்டுக்குக் கழியாகும் மூங்கிலும் புற்குடும்பத்தைச் சேர்ந்தவையே. நம்மால் உண்ண இயலாத புல்லையும் மாடு உண்கிறது. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் நாரைச் சிதைத்து உணவாக்குகின்றன. அதுவே பாலாகவும், உழைப்பாகவும், எருவாகவும் நம்மை வந்தடைகிறது.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், வெயிலிலே செழிக்கும் ஒரு மேய்ச்சற் புல்லாகும். கொங்கு நாட்டார் அதனைக் கொழுக்கட்டைப் புல் என்பர். தாவர நூலார் அதற்கிட்ட பெயர் செங்க்ரஸ் சிலியாரிஸ் என்பது. கம்பையும் இக்காலத் தாவர நூலார் பலர் இதே பேரினத்தில் வைத்து எண்ணுகின்றனர். ஆகவே இது நம் கம்புக்கு நெருங்கிய உறவு எனலாம்.

வெயிலில் எல்லாப் பயிரும் வாடுகையில் இப்புல் மட்டும் செழிப்பது எங்ஙனம்? 1966-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்னும் இரு அறிஞர்கள் கரும்பின் இலையை ஆராய்ந்து ஓர் உண்மையை விளக்கினர். நெற்பயிர் காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பற்றும்போது முதலில் உண்டாகும் பொருளில் மூன்று கரிம அணுக்கள் உள்ளன. கரும்பிலோ நான்கு கரிம அணுக்கள் கொண்ட பொருள் முதலில் உண்டாகிறது. அது இலையின் உட்பகுதிக்குச் சென்று, அங்கே கரியமில வாயுவைச் செறிவாக விடுவிக்கிறது. இவ்வாறு செறிவூட்டும் பயிர், இலைத் துளைகளைச் சிறிதளவே திறந்து வைத்தும் வேண்டிய உணவைச் சமைத்துக்கொள்ளும். அதனால் நீர் மிச்சமாகிறது. கடும் வெப்பத்திலும் வளர்ச்சி குன்றுவதில்லை. சோளம், கம்பு, மக்காச்சோளம், கொழுக்கட்டைப் புல் ஆகிய அனைத்தும் கரும்பின் வழியைப் பின்பற்றுபவையே.

இனி இப்புல்லின் உறைவிடத்தைக் காண்போம். திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில், சிறப்பாகக் காங்கேயம் வட்டாரத்தில், வேலியிட்ட மேய்ச்சல் நிலங்கள் உண்டு. அவற்றைக் கொறங்காடு என்பர். அங்கு ஆண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டரே. அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும். இவ்வளவு சிறு மழையைக் கொண்டு கால்நடைகளை ஆண்டு முழுவதும் காக்க முன்னோர் கண்ட வழியே கொறங்காடு. அதற்கு உறுப்புகள் மூன்று. தரையில் கொழுக்கட்டைப் புல்லும் அதனூடே நரிப்பயறு போன்ற பயற்றினச் செடிகளும். மேலே நிழலும் நெற்றும் தரும் வெள்வேல மரம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. கிளுவைக் கழியை வெட்டி நட்டால் துளிர்த்துவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல வேலி இறுகும். வெள்வேலின் நெற்றுக்களைப் புல் குறைந்த நாட்களில் ஆடுமாடுகள் விரும்பி உண்ணும்.

இப்புல்லைப் பயிரிடுவோர் அறிய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன். முதலாவது விதை. கொழுக்கட்டைப் புல்லின் விதை, மெல்லிய மயிர்கள் சூழ்ந்த சிறு பஞ்சுத் திரள் போன்றது. அன்று அறுத்த விதையை அன்றே விதைத்தால் நன்கு முளைக்காது. சில மாதங்கள் உறங்கும் இயல்பு அதற்கு உண்டு. இது குறையன்று, தற்காப்பு. கோடையில் தப்பிப் பெய்த ஒரு மழையை நம்பி விதைகள் யாவும் முளைத்தால், அடுத்து வரும் வெயிலில் யாவும் கருகிப்போகும் அன்றோ? ஆகவே முந்திய பருவத்தில் சேர்த்த விதையையே விதைத்தல் வேண்டும். இன்னொரு வியப்பும் உண்டு. இப்புல்லின் விதைகளிற் பெரும்பாலானவை கருவுறாமலே உருவாகின்றன. அதனால் மகள் தாயின் சாயலில் மாறாமல் வருகிறது. நல்ல புதரிலிருந்து விதை எடுத்தால் நல்ல புதரே கிடைக்கும்.

இரண்டாவது விதைப்பு. மழைக்கு முன் நிலத்தை உழுது, கட்டி உடைத்துப் பொடியாக்கி, மக்கிய தொழுவுரம் இடுக. ஒரு எக்டருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். விதை காற்றில் பறக்குமாதலால், ஈர மணலுடன் கலந்து விதைப்பது நலம். வரிசைக்கு வரிசை 50 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டரும் விடலாம். ஆழமாகப் புதைத்தல் ஆகாது. மேலாக மண் மூடினாற் போதும். ஆழத்திற் புதைந்த சிறு விதை, மேலே வருமுன் தன் கட்டுச்சோற்றைத் தீர்த்துவிடும்.

மூன்றாவது பொறுமை. முதலாண்டில் இளம் புல்லைக் கண்டு மாட்டை அவிழ்த்து விடுதல் கூடாது. வேர் ஊன்றாத புல்லை மாடு வேரொடு பறித்துவிடும். முதற்பருவத்தில் களை எடுத்து, புல் பூத்து விதை உதிர்க்கும்வரை காத்திருந்தால், அந்நிலம் பல்லாண்டு பயன் தரும். தீவனமாக அறுப்பதற்கென நன்செய் போலப் பேணிய வயலில், விதைத்து 70 அல்லது 75 நாட்களில் முதல் அறுப்பும், பின்னர் ஆண்டில் நான்கு முதல் ஆறு அறுப்புகளும் எடுக்கலாம். மானாவாரியில் மழைக்குத் தக்கபடியே எதிர்பார்க்க வேண்டும். பூக்கும் தருணமே அறுப்புக்கு ஏற்றது. முற்றிய புல்லில் நார் மிகும், புரதம் குறையும். முயல் மசால் என்னும் பயற்றினத் தீவனத்தைக் கலந்து வளர்த்தால் புரதக் குறை நீங்கும். மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும்.

நான்காவதே தலையாயது. அஃது அளவறிந்து மேய்த்தல். புல்லை ஒட்டக் கடித்தால் என்ன நேரும்? மீண்டும் தளிர்க்க, அடித்தண்டிலும் வேரிலும் சேமித்த உணவையே புல் செலவிடும். சிறிது இலை எஞ்சியிருந்தால், அவ்விலையே உணவு சமைத்துச் செலவை ஈடு செய்யும். எஞ்சாவிட்டால் வேர் சுருங்கும். வேர் சுருங்கினால் அடுத்த வறட்சியில் புதர் மடியும். அவ்விடத்தை மாடு தொடாத களை கைப்பற்றும். ஆகவேதான் நம் உழவர் தம் நிலத்தைப் பல வேலிகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்கையில் மற்றொன்றைப் படலடைத்து ஓய வைத்தனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, இறுகிய மண்ணை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து, மீண்டும் புல்லுக்கு விட்டனர். வட்டியை உண்டு முதலைக் காத்தல் என்னும் கணக்கு இதுவே.

இந்தப் புல்லை உண்டு வளர்ந்ததே காங்கேயம் மாட்டினம். பிறக்கும்போது செந்நிறமாயிருக்கும் கன்று, ஆறு திங்கள் அளவில் சாம்பல் நிறம் கொள்ளும். உழவுக்கும் வண்டிக்கும் கவலை இறைப்புக்கும் பெயர் பெற்ற இனம் அது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் அதனைத் தேர்ந்து வளர்த்துப் பெருக்கிய செய்தி வரலாற்றில் உள்ளது.

மின்விசைப் பொறி வந்தபின் கவலை நின்றது. உழுபொறி வந்தபின் ஏர் ஒதுங்கியது. காளைக்கு வேலை குறைய, மந்தை குறைந்தது. மந்தை குறைய, கொறங்காடும் வீட்டுமனையாகவும் பிறவாகவும் மாறலாயிற்று. பொறியை நான் பழிக்கவில்லை. உழவனின் முதுகுச் சுமையைக் குறைத்தது அது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். விற்ற மாட்டை மறுபடி வாங்கலாம். புல்லும், மரமும், வேலியும், அவற்றை ஆளும் அறிவும் ஒருங்கே அழிந்த நிலத்தை எந்தச் சந்தையில் வாங்குவது?

‘புல்தானே, எங்கேனும் விதைத்துக்கொள்ளலாம்’ என்று சிலர் கூறக்கூடும். அதற்கு மறுமொழி கடல் கடந்த நாடுகளில் இருக்கிறது. இதே புல்லை அங்கே பஃபெல் புல் என்பர். ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் பண்ணைகளுக்கு அது பெருஞ்செல்வம். ஆனால் வேலி தாண்டி நடு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் பரவி, அந்நாட்டுக்கு உரிய செடிகளை நெருக்கி ஒழிக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துச் சொனோரன் பாலைவனத்திலும் இதுவே கதை. அங்குள்ள சகுவாரோ என்னும் நெடிய கள்ளிகள் தீயை அறியாதவை. அவற்றிடையே இப்புல் அடர்ந்து காய்ந்து தீக்கு விறகாகிறது. கள்ளி கருகுகிறது, புல்லோ வேரிலிருந்து மீண்டும் தளிர்க்கிறது. அதனைக் கையால் தோண்டி அகற்ற அங்கே தொண்டர்கள் உழைக்கின்றனர்.

இங்கே நண்பனாயிருப்பது அங்கே பகைவனாவது ஏன்? இங்கே அதை அளவாய் மேயும் மாடு உண்டு, எல்லை காட்டும் வேலி உண்டு, காலமறிந்து படலடைக்கும் மனிதன் உண்டு. அங்கே அவை இல்லை. ஒரு பயிரின் நன்மை அதன் விதைக்குள் மட்டும் அடங்கியிருப்பதன்று. அது வளரும் இடத்திலும், அதைப் பேணும் முறையிலும் இருக்கிறது. புதிய பயிரொன்றை ஒரு நிலத்துக்குக் கொண்டுவர நினைப்போர் முதலில் கற்க வேண்டிய பாடம் இது.

மாணவ மாணவியரே, உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், உங்கள் ஊர்த் தரிசில் ஆட்டுக் கடிக்கு உட்பட்ட ஒரு புற்புதரையும், வேலிக்குள் கடிபடாத ஒரு புதரையும் உரியவரிடம் கேட்டு மண்ணோடு தோண்டி எடுங்கள். நீரில் அலசி, இரண்டின் வேர்களையும் அளந்து பாருங்கள். எதன் வேர் நீண்டது, எதன் வேர் மண்ணை அதிகம் பற்றியிருந்தது என்று குறித்து வையுங்கள். நான் இன்று சொன்னவை சரியா என்பதை அவ்வேர்களே உங்களுக்குக் கூறும். பார்த்து முடித்தபின் அப்புதர்களை எடுத்த இடத்திலேயே நட்டுவிடுங்கள்.